2.5 லட்சத்துக்குள் பழைய கார்: வாங்கி ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்

திண்டிவனம்_டீச்சர்
வணக்கம். வீட்டில் முதல் கார் வாங்கப் போகிறோம். புதுசு இல்லை, பழசுதான். பள்ளிக்குப் போய்வர தினம் இருபது கிலோமீட்டர் சொச்சம், மாதம் ஒருமுறை மாமியாரை ஜிப்மருக்கு அழைத்துப் போக வேண்டும், வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை திருச்சி. லைசென்ஸ் இருக்கிறது, ஓட்டிப் பழக்கம் கம்மி. கையில் 2.5 லட்சம், இழுத்துப் பிடித்தால் 2.8. புரோக்கர் ஒருவர் 2012 டீசல் செடான் ஒன்றைக் காட்டி "இந்த விலைக்கு இவ்வளவு பெரிய வண்டி கிடைக்காது" என்கிறார். என் தம்பி பாண்டிச்சேரியில் 2014 வேகன் ஆர் பார்த்து வைத்திருக்கிறான், அங்கே விலை குறைவாம். எதை எடுப்பது, என்ன பார்ப்பது, சொந்த அனுபவத்தில் சொல்லுங்கள்.

ஸ்பேனர்_செஞ்சி
டீச்சரம்மா, நான் செஞ்சியில் பட்டறை வைத்திருப்பவன். தினம் இருபது கிலோமீட்டர் ஓட்டும் உங்களுக்கு டீசல் எதற்கு? பத்து கிலோமீட்டர் ஓடி இன்ஜின் சூடாகும்போது பள்ளிக்கூடம் வந்துவிடும். இப்படியே ஓடினால் இஜிஆர் வால்வில் (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் வால்வு) கரி அடைத்துக்கொண்டு பிக்கப் போகும். பத்து வருஷம் தாண்டிய டீசலில் இன்ஜெக்டர், டர்போ, ஹை பிரஷர் பம்ப் என்று எது போனாலும் ஆயிரங்களில்தான் பேச வேண்டியிருக்கும், லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடித்தது ஒரே பில்லில் போய்விடும். டீசல் என்பது மாதம் ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு.

உங்கள் பட்ஜெட்டில் வேகன் ஆர், ஆல்டோ கே10, ஐ10, ஸ்விஃப்ட் பெட்ரோல், லிவா இதற்குள் நில்லுங்கள். ஐ10ல் ஒரு விஷயம், 1.1 இன்ஜினுக்கு டைமிங் பெல்ட், 1.2 கப்பாவுக்குச் செயின். 1.1 எடுத்தால் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேளுங்கள். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள். ஓடும்போது அறுந்தால் வால்வு வளைந்துபோய் ஹெட்டை இறக்க வேண்டிவரும். வேகன் ஆர் 2010க்குப் பிறகு வந்த 998 சிசி இன்ஜின் செயின்தான், அந்தக் கவலை இல்லை.

லாங்_டிரைவ்
செஞ்சி அண்ணன் எல்லோரையும் வேகன் ஆருக்கே அனுப்பி வைப்பார் :) நான் வேறு கட்சி. இதே பணத்துக்கு நான் ஒரு 2010 சிட்டி பெட்ரோல் எடுத்தேன், 1.5 ஐவிடெக். ஏ.சி., சீட், நெடுஞ்சாலையில் நிற்கும் நிற்பு எதிலும் சின்ன வண்டி கிட்டேயே வராது. மாமியார் வயதானவர், முட்டி வலி இருக்கும், பின் சீட்டில் கால் நீட்டி உட்கார வேண்டாமா? "பெரிய வண்டி என்றால் செலவு" என்று பயமுறுத்துவார்கள். 2022 ஜூனில் நிர்ணயித்த மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பிரீமியம் 1000 சிசிக்குள் 2,094 ரூபாய், 1000லிருந்து 1500க்குள் 3,416. வித்தியாசம் அவ்வளவுதான். 1500ஐத் தாண்டினால்தான் 7,897.

ஸ்பேனர்_செஞ்சி
தம்பி, முட்டி வலிக்காரர் செடானில் ஏறி இறங்கி நீங்கள் பார்த்ததில்லை போல. குனிந்து உள்ளே விழவேண்டும், இறங்கும்போது எக்கி எழவேண்டும். வேகன் ஆர் சீட் இடுப்பு உயரத்தில் இருக்கும், திரும்பி உட்கார்ந்தால் போதும். அந்த டப்பா உயரத்தைக் கேலி செய்கிறவர்கள் எல்லாம் வயதானவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகாதவர்கள். இன்சூரன்ஸ் கணக்கு சரிதான், நாலு டயர், கிளட்ச் செட், சஸ்பென்ஷன் விலையைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

லாங்_டிரைவ்
ஏறி இறங்குவதை ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. மற்றதில் இல்லை.

வில்லியனூர்_வண்டி
பாண்டி வண்டி பற்றி நான் சொல்கிறேன், எங்கள் தெருவில் பாதி வண்டி டிஎன் காரர்கள் வாங்கிப் போனது. இங்கே சாலை வரி குறைவு என்பதால்தான் விலை குறைவு, வண்டி மட்டம் என்பதால் இல்லை. ஆனால் நீங்கள் திண்டிவனத்தில் வைத்து ஓட்டப்போகிறீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவுப்படி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே பதிவு மாற்றியாக வேண்டும். அதற்கு இங்குள்ள ஆர்டிஓவில் என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று (படிவம் 28), வழக்கு எதுவும் இல்லை என்ற சான்று, அப்புறம் தமிழ்நாட்டில் வண்டியின் வயதைப் பொறுத்து ஆயுள் வரி, புது நம்பருக்கு விண்ணப்பம். இதையெல்லாம் கூட்டி, ஏஜென்ட் கூலியும் சேர்த்தால், தம்பி சொன்ன "விலை குறைவு" பெரும்பாலும் காணாமல் போகும். பி.ஒய். நம்பரிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தினமும் அதே சாலையில் பள்ளிக்குப் போகிறவரை செக்கிங்கில் நிறுத்தாமல் இருப்பார்களா?

வண்டி நிஜமாகவே நல்ல நிலையில், ஒரே ஓனர், சர்வீஸ் புத்தகத்தோடு இருந்தால் எடுங்கள். வரியைக் கணக்குப் போட்டுவிட்டு விலை பேசுங்கள்.

வேளச்சேரி_வாசி
யாரும் வெள்ளத்தைச் சொல்லவில்லையே. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம், அதே மாதம் தூத்துக்குடி திருநெல்வேலி வெள்ளம், இத்தனையிலும் முழுகிய வண்டிகள் எங்கே போயின என்று நினைக்கிறீர்கள்? இன்சூரன்ஸில் முழு நஷ்டம் என்று எழுதி ஏலத்தில் போனதில் ஒரு பகுதி உடைத்து உதிரி பாகமாகப் போகும், இன்னொரு பகுதி கழுவி, காயவைத்து, சென்ட் அடித்து வெளியூரில் விற்பனைக்கு வரும். என் சித்தப்பா அப்படி ஒன்றை ஒரு கன்சல்டிங்கில் (பழைய கார் விற்கும் கடை) வாங்கினார். முதல் மூன்று மாதம் தேன் மாதிரி ஓடியது. அப்புறம் ஹாரன் அடித்தால் வைப்பர் ஓடும், ஒரு நாள் ஸ்டார்ட் ஆகாது, மறுநாள் தானே ஆகும். வயரிங் கனெக்டர்களில் பச்சை பூத்திருந்தது, யாராலும் முழுசாகச் சரிசெய்ய முடியவில்லை.

பார்க்க வேண்டியது: சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு தெரியும், அதை யாரும் கழுவுவதில்லை. முன் சீட்டைத் தள்ளி அடியில் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, ஸ்டெப்னி பள்ளத்தில் மண் இருக்கிறதா, ஃபியூஸ் பாக்ஸில் காலெல்லாம் பளிச்சென்று இருக்கிறதா. தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். கூச்சப்படாதீர்கள், கொடுப்பது உங்கள் காசு. கார் பளபளவென்று இருந்து உள்ளே வாசனை தூக்கலாக இருந்தால் எனக்கு உடனே சந்தேகம்தான்.

டிபோர்டு_மணி
பதினெட்டு வருஷம் டாக்ஸி ஓட்டியவன். மீட்டரை மட்டும் நம்பாதீர்கள் மேடம். டிஜிட்டல் மீட்டர் வந்தபிறகு திருப்புவது சுலபமாகிவிட்டது, லேப்டாப்பைச் செருகி எழுதிவிட்டுப் போகிறார்கள். 48,000 என்று மீட்டர் காட்டும், பிரேக் பெடல் ரப்பர் ஒரு பக்கம் மொழுக்கென்று தேய்ந்திருக்கும், ஸ்டியரிங் வழவழவென்று மின்னும், ஓட்டுநர் சீட் ஓரம் சரிந்திருக்கும். மூன்றும் சேர்ந்து பொய் சொல்லாது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைக் கொடுத்தால் எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்று பதிவு இருக்கும். ஓனரைக் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். "எல்லாம் வெளியே லோக்கலில்தான் பார்த்தேன்" என்று சொன்னால் அந்த லோக்கல் மெக்கானிக்கையாவது காட்டச் சொல்லுங்கள்.

டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. 30,000 மட்டுமே ஓடியதாகச் சொல்லும் வண்டியில் இரண்டாவது செட் டயரும் தேய்ந்திருந்தால் என்ன அர்த்தம்?

இன்னொன்று, செடான் என்றீர்களே, அது டி போர்டிலிருந்து ஓன் போர்டுக்கு மாற்றியதா என்று ஆர்.சி.யைப் பாருங்கள். மாற்றுவது தப்பில்லை, சட்டப்படி மாற்றியிருந்தால் சரி. ஆனால் டாக்ஸி ஓடிய வண்டிக்கு டாக்ஸி விலைதான் தர வேண்டும், மஞ்சள் போர்டை எடுத்துவிட்டு வெள்ளை அடித்தால் ஓட்டம் குறைந்துவிடுமா?

திண்டிவனம்_டீச்சர்
அடேயப்பா, நன்றி எல்லோருக்கும். செடானை அரசின் எம்பரிவாகன் ஆப்பில் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது ஓனர், பைனான்ஸ் இன்னும் நிற்கிறது என்று காட்டுகிறது. புரோக்கரிடம் கேட்டால் "அதெல்லாம் கட்டி முடிச்சாச்சு மேடம், கம்ப்யூட்டரில் ஏத்தல" என்கிறார். இது பெரிய விஷயமா?

ஆர்டிஓ_வாசல்
பெரிய விஷயம்தான் அக்கா. நான் பத்திரம் எழுதுகிற தொழிலில் இருக்கிறேன், ஆர்டிஓ வேலையும் பார்ப்பேன். கடன் முடிந்தால் பைனான்ஸ்காரர் என்.ஓ.சி. கொடுப்பார், அதோடு படிவம் 35 போட்டால் ஹெச்.பி. (ஆர்.சி.யில் உள்ள கடன் குறிப்பு) நீங்கும். அது நீங்காமல், பைனான்ஸ்காரர் சம்மதமும் இல்லாமல் பெயர் மாற்றம் நடக்காது. "கட்டி முடிச்சாச்சு" என்பவரிடம் அந்தக் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள், காட்டாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அதைவிட முக்கியமானது ஓடிபி. இப்போது பெயர் மாற்ற ஆன்லைனில் போட்டால், பதிவில் இருக்கும் ஓனரின் கைபேசிக்கு ஓடிபி போகும். வண்டி இரண்டு புரோக்கர் கைமாறி வந்திருந்தால் அந்த ஓனர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது, நம்பரும் மாறியிருக்கும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30ல் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன் என்று கட்டு கட்டாகக் காட்டுவார்கள், அந்தக் கையெழுத்தை வைத்துக்கொண்டு இன்று ஒன்றும் செய்ய முடியாது. ஓனர் இறந்துபோயிருந்தால் இன்னும் சிக்கல், முதலில் வாரிசு பெயருக்கு (படிவம் 31) மாற்றி, பிறகுதான் உங்களுக்கு. எனவே எந்த வண்டியானாலும் ஆர்.சி.யில் பெயர் உள்ள ஆளை நேரில் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

விற்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். சட்டப்படி விற்றவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளில் மாற்ற வேண்டும். மாற்றாமல் வண்டி யாரையாவது அடித்துவிட்டால் ஆர்டிஓ பதிவில் யார் பெயரோ அவர்தான் ஓனர் என்று 2018ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, நடுவில் எத்தனை கை மாறினாலும் சரி. 2023 ஏப்ரலிலிருந்து பதிவு பெற்ற டீலரிடம் ஒப்படைத்தால் அவரே பொறுப்பாளி என்று விதி வந்திருக்கிறது. ஆனால் நம் பக்கத்தில் கன்சல்டிங் போர்டு மாட்டிய எல்லாரும் அந்த அங்கீகாரம் வாங்கியவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், கேளுங்கள். வண்டியைக் கை மாற்றும்போது தேதி மட்டும் போதாது, மணியையும் எழுதி டெலிவரி ரசீதில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சாயங்காலம் வரும் அபராதச் சலான் யாருடையது என்ற சண்டையெல்லாம் நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

கோவை_கணக்கு
விலை பேசும்போது ஒன்றை மனதில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22லிருந்து சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாக இறங்கியது, செஸ்ஸும் போனது. ஆல்டோ கே10 தொடக்க மாடலின் ஷோரூம் விலையே நான்கு லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டது. தமிழ்நாட்டு ஆயுள் வரி 12 சதவீதம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்தாலும் புதுசுக்கும் பழசுக்கும் வித்தியாசம் பெரிதில்லை. ஐந்து வருஷம் ஆன அதே வண்டிக்கு மூன்றேகால் கேட்பவரிடம் இதைச் சொல்லுங்கள். பழைய விலையையே பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் நிறைய.

டீலரிடம் வாங்கினால் அவர் லாபத்தின் மேல்தான் 18 சதவீத ஜிஎஸ்டி, முழு விலைக்கும் இல்லை. தனியாள் தனியாளுக்கு விற்றால் அதுவும் கிடையாது. "ஜிஎஸ்டி தனி மேடம்" என்று மொத்த விலையில் 18 போட்டு பில் நீட்டியவரை நானே பார்த்திருக்கிறேன்.

பழைய காருக்குக் கடன் வாங்குவதாக இருந்தால் வட்டி புதுக் காரைவிட அதிகம், வண்டி வயதைப் பார்த்து வங்கி மாட்டேன் என்றும் சொல்லும். 2.5 கையில் இருக்கிறதென்றால் அதற்குள் முடித்துக்கொள்வது நல்லது. அதிலும் முழுவதையும் வண்டிக்குக் கொடுத்துவிடாமல் இருபத்தைந்தாயிரமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

ஏர்பேக்_எங்கே
ஒரு நிமிஷம். இத்தனை பேர் பேசியும் பாதுகாப்பு பற்றி ஒரு வரி இல்லை! 2014 ஜனவரியில் கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு ஆல்டோ 800, ஐ10, ஃபிகோ, நானோ, போலோ ஐந்தையும் ஏர்பேக் இல்லாத மாடலில் மோதிப் பார்த்ததில் ஐந்துக்கும் பூஜ்யம். அதே போலோவில் இரண்டு ஏர்பேக் வைத்து மோதியபோது நான்கு நட்சத்திரம். 2019 நடுவுக்குப் பிறகு தயாரான கார்களில் ஏபிஎஸ்ஸும் ஓட்டுநர் ஏர்பேக்கும் கட்டாயம். அதற்கு முந்திய வண்டியில் எந்த வேரியன்ட் என்று பார்த்து வாங்குங்கள், எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ என்று சும்மா எழுதியிருப்பது இல்லை. வெறும் பாடியாக ஒரு வண்டியில் மாமியாரையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு திருச்சி நெடுஞ்சாலையில் போவதா?

டிபோர்டு_மணி
நியாயம்தான். ஆனால் 2.5 லட்சத்தில் இரண்டு ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ளது தேடினால் கிடைக்கும் வண்டி ஒன்று அடிபட்டதாக இருக்கும், இல்லை ஏழெட்டு மாதம் தேட வேண்டும். இவர்கள் இப்போது பைக்கில் மூன்று பேராகப் போய்க்கொண்டிருந்தால் எந்தக் காரும் அதைவிடப் பாதுகாப்புதான். டயர் புதுசாக, பிரேக் சரியாக, பின் சீட்டிலும் பெல்ட் போட்டு, 80க்கு மேல் போகாமல் இருந்தால் போதும்.

ஏர்பேக்_எங்கே
மாதம் ஒருமுறை ஜிப்மருக்கு டாக்ஸி வைத்துக்கொண்டு இன்னும் ஒரு வருஷம் சேர்த்து நல்ல வண்டி எடுக்கலாம் என்பதும் ஒரு வழி. யாருக்கும் அது பிடிக்காது, தெரியும்.

காஞ்சி_டீசல்
நின்றுபோன கம்பெனி வண்டிகள் மலிவாக வரும், அதில் சபலப்படலாமா என்று சிலர் யோசிப்பார்கள், அதனால் சொல்கிறேன். ஷெவர்லே 2017 முடிவில் இங்கே விற்பனையை நிறுத்தியது, ஃபோர்டு 2021ல் அறிவித்து 2022ல் மறைமலை நகர் ஆலையை மூடியது, டட்சனும் 2022ல் போய்விட்டது. என்னிடம் இப்படிப்பட்ட ஒரு டீசல் ஹேட்ச்பேக் இருக்கிறது (பெயர் வேண்டாம், சண்டைக்கு வருவார்கள்). ஓட்ட அருமை, கதவை மூடினால் கேட்கும் சத்தமே தனி. ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் எல்லாம் கடையில் கிடைக்கிறது. பின்னால் ஒரு லாரி இடித்து டெயில் லேம்ப்பும் டிக்கி கதவும் போனபோதுதான் அவதி, பழைய இரும்புக் கடைகளில் தேடி, கடைசியில் வேறு நிற டிக்கி வாங்கி பெயின்ட் அடித்தோம். இரண்டாவது வண்டியாக, வண்டிப் பைத்தியம் உள்ளவர் வாங்கலாம். இருக்கும் ஒரே வண்டி அது என்றால் வேண்டாம். உங்கள் ஊரில் அந்த வண்டியைக் கழற்றிப் பூட்டிய மெக்கானிக் இருக்கிறாரா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன், மைலேஜெல்லாம் அப்புறம்.

புதுமெம்பர்77
பழைய பெட்ரோல் வண்டிக்கு இப்போது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) ஊற்றினால் இன்ஜின் போய்விடும் என்று வாட்ஸாப்பில் வருகிறதே, உண்மையா?

கோவை_கணக்கு
பயமுறுத்தல் பாதி, உண்மை பாதி. எத்தனாலில் லிட்டருக்கு ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு கம்மி. அதனால் 20 சதவீதம் கலந்தால், ஒன்றும் கலக்காத பெட்ரோலோடு ஒப்பிட ஆறேழு சதவீதம் ஆற்றல் குறையும். நமக்கு ஏற்கெனவே 10 சதவீதம் கலந்ததுதான் கிடைத்தது, ஆகவே நீங்கள் உணரும் மைலேஜ் இறக்கம் அதில் பாதி. 18 கொடுத்த வண்டி 10 கொடுக்கிறது என்றால் அது இ20 இல்லை, வேறு ஏதோ கோளாறு.

ஸ்பேனர்_செஞ்சி
கணக்கு சரி. பட்டறையில் நான் பார்ப்பது ரப்பர். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இவை இ20ஐத் தாங்கும்படி செய்தவை, அதற்கு முந்தியவற்றில் பெட்ரோல் ஹோஸ், ஓ ரிங், கேஸ்கட் எல்லாம் அதை நினைத்துச் செய்ததல்ல. பத்து வருஷ ஹோஸ் எப்படியும் காய்ந்து வெடித்திருக்கும், எத்தனால் வந்தால் இன்னும் சீக்கிரம். ஹோஸ் மாற்றப் பெரிய செலவில்லை, மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள், தினம் ஓடும் வண்டிக்கு ஒன்றும் ஆகாது.

லாங்_டிரைவ்
என் சிட்டிக்கு ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறேன், மைலேஜில் ஒன்று குறைந்தது, வேறு எதுவும் இல்லை.

திண்டிவனம்_டீச்சர்
செடானை விட்டாச்சு. பாண்டி வேகன் ஆரும் வரியைக் கூட்டினால் கட்டுப்படியாகவில்லை. இப்போது விழுப்புரத்தில் ஒரு ஓய்வு பெற்ற மின்வாரியக்காரர் 2014 வேகன் ஆர் விஎக்ஸ்ஐ வைத்திருக்கிறார், டிஎன் 32, ஒரே ஓனர், ஆர்.சி.யில் அவர் பெயர்தான், ஹெச்.பி. எதுவும் இல்லை. 2.65 கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறோம். அண்ணா, என்ன பார்க்க வேண்டும் என்று இன்ஜின் பக்கம் கொஞ்சம் சொல்லுங்களேன்.

ஸ்பேனர்_செஞ்சி
முதலில் போனில் சொல்லிவிடுங்கள், "வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க, நாங்க வந்து பண்ணிக்கிறோம்" என்று. போனதும் பானெட்டைத் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினில்தான் நோய் தெரியும். ஸ்டார்ட் பண்ணும்போது ஒருவர் சைலன்சருக்குப் பின்னால் நில்லுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் குடிக்கிறது. வெள்ளைப் புகை காலையில் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் பரவாயில்லை, நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. ஐடிலில் ஆயில் மூடியைத் திறங்கள், குபுகுபுவென்று புகை வெளியே தள்ளினால் ரிங் தேய்ந்துவிட்டது, அந்த வண்டிக்கு இன்ஜின் வேலை வரும். மூடியின் உள்பக்கம் மோர் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் விட்டுவிட்டு வாருங்கள்.

பிறகு காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள், டக் டக் என்று கேட்டால் ஆக்சில் ஜாயின்ட் போயிருக்கிறது, அது விலை குறைக்க ஒரு காரணமாகுமே தவிர வண்டியை ஒதுக்கக் காரணமில்லை. மேடேறும்போது மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டர் மிதித்தால் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச். ஏ.சி.யைப் போட்டு வெயிலில் பத்து நிமிஷம் நிறுத்தி டெம்பரேச்சர் ஏறுகிறதா, ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். நம் ஊர் மே மாதத்தில் இது போனால் நடுரோட்டில்தான் நிற்க வேண்டும்.

பாடிக்கு ஒரு சின்னக் காந்தம் போதும். துணியில் சுற்றிக் கதவு, ஃபெண்டர், பின் ஓரம் எல்லாம் வைத்துப் பாருங்கள், பட்டி தடியாகப் போட்ட இடத்தில் ஒட்டாது. கதவு, பானெட் போல்ட்களில் பெயின்ட் உரிந்திருந்தால் கழற்றியிருக்கிறார்கள். ஒரு கதவு மாற்றியதெல்லாம் ஒன்றுமில்லை, பானெட்டைத் திறந்தால் தெரியும் ஏப்ரனோ (முன் சக்கரத்துக்கு மேல் உள்ள உள் தகடு), கதவோரம் கூரையைத் தாங்கும் பில்லரோ வளைந்து டிங்கரிங் செய்திருந்தால் மட்டும் தொடாதீர்கள். உங்கள் ஊர் மெக்கானிக் ஒருவருக்கு ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்து அழைத்துப் போங்கள். ஆனால் அவர் விற்பவரிடமும் கமிஷன் வாங்காதவராக இருக்க வேண்டும், என் தொழில்காரர்களைப் பற்றி நானே சொல்கிறேன்.

திண்டிவனம்_டீச்சர்
பார்த்துவிட்டோம். இன்ஜின் நன்றாக இருக்கிறது என்றார் கூட வந்த மெக்கானிக். சீட் பெல்ட் சுத்தம். கிளட்ச் கொஞ்சம் கனமாக இருக்கிறது, டயர் நான்கும் 2018ல் செய்தவை, இடது பின் கதவு மாற்றியது என்று அவரே சொல்லிவிட்டார். டயரையும் கிளட்சையும் காட்டி 2.38க்குப் பேசியிருக்கிறோம். பெரியவர் வண்டியை விட மனசில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தார். இன்சூரன்ஸ் மார்ச் வரை இருக்கிறது, "அது அப்படியே வந்துடும்மா" என்றார். வந்துவிடுமா?

ஆர்டிஓ_வாசல்
அப்படியே வராது அக்கா. மூன்றாம் நபர் பகுதி வண்டியோடு வந்துவிடும். உங்கள் வண்டிக்கே சேதம் வந்தால் கிடைக்கும் பகுதி உங்கள் பெயருக்கு மாற்றினால்தான் செல்லும், வாங்கிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிக் கொடுங்கள். அவர் சேர்த்து வைத்த நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காததற்கு பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) அவருடையது, உங்களுக்கு வராது, அந்தத் தொகையை மீதி மாதங்களுக்குக் கணக்கிட்டு உங்களிடம் வாங்குவார்கள். 50 சதவீதம் போனஸ் இருந்திருந்தால் தொகை கொஞ்சம் உறைக்கும், இப்போதே கேட்டுவிடுங்கள். பெயர் மாற்றத்துக்கு ஆன்லைனில் போடும்போது பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போடுங்கள், ஓடிபி அவர் போனுக்கு வரும். மீதிப் பணத்தை அது முடிந்தபிறகு கொடுங்கள்.